‘ஸ்பேஸ் பிரேம்’ என்பதற்கு ‘முப்பரிமாணச் சட்டப்படல்’: ஒரு முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கராஜிலேயே இலகு ஸ்போர்ட்ஸ் கார் கட்ட விரும்பும் இளையோருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘ஸ்பேஸ் பிரேம்’ (மெல்லிய குழாய்கள் பலவற்றை இணைத்துக் கட்டும், காரைத் தாங்கும் சட்டகம்) என்ற ஒன்றுக்கு மட்டும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. மற்றப் பல சொற்களை விரைவாகக் கடந்து வந்துவிட்டு இதில் தயங்கி நிற்பது நியாயமானதே. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சு, சில்லுகள் எல்லாம் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றி எடுக்கப்படுபவை. கட்டுபவர் தம் கையால் அளந்து, வெட்டி, ஒட்டி உருவாக்குவது பெரும்பாலும் இந்தச் சட்டகத்தைத்தான். ஆகவே இதற்கு நாம் இடும் பெயர், குழாய் எந்த இடத்தில் வரவேண்டும், ஏன் வரவேண்டும் என்பதைக் கற்பவருக்கு உணர்த்துவதாக அமைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதுவரை வந்த முன்மொழிவுகளுள் ‘விண்வெளிச் சட்டகம்’ என்பதை முன்வைத்த நண்பரே மீளப் பெற்றுக்கொண்டார். கோயம்புத்தூர் நண்பரின் ‘வெளிச்சட்டகம்’ சுருக்கமானது, சொல்வதற்கும் எளிது. ஆனால் ‘வெளி’ என்ற சொல் பௌதிகத்தில் என்ன பொருள் தந்தாலும், சட்டகத்தோடு சேர்ந்தவுடன் உள்ளே, வெளியே என்ற பொருளே முந்திக்கொள்கிறது. கராஜில் நிற்கும் பையனிடம் வெளிச்சட்டகத்தைக் காட்டு என்றால், மேலே போர்த்திய தகட்டையோ, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் குழாயையோதான் காட்டுவான். ‘குழாய்ச் சட்டகம்’ என்பது செய்பொருளைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. 1962 இல் வெளிவந்த ஏசி கோப்ரா காருக்கும் இரண்டு பெரிய உருளைக் குழாய்களே முதுகெலும்பு; என்றாலும் அது, இரு நீள உறுப்புகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த ஏணிச் சட்டகமே அன்றி ஸ்பேஸ் பிரேம் அன்று. ‘முப்பரிமாணச் சட்டகம்’ என்பதிலும் இதே குறை உண்டு. நீளம், அகலம், உயரம் இல்லாத சட்டகம் எங்கே இருக்கிறது?

இந்தச் சட்டகத்தின் தனித்தன்மை, அதிலுள்ள ஒவ்வொரு குழாயும் தன் நீளப்போக்கிலேயே விசையைத் தாங்குகிறது என்பதுதான். ஒரு குழாய் இழுக்கப்படும், அல்லது நெருக்கப்படும், வளைக்கப்படுவதில்லை. மெல்லிய குழாயை நடுவில் பிடித்து வளைப்பது எளிது. அதே குழாயை இரு நுனியிலும் பிடித்து இழுத்து நீட்டுவது எவராலும் ஆகாது. இந்த ஒரே உண்மையை வைத்துத்தான் எடை குறைக்கப்படுகிறது. ஏணிச் சட்டகத்தில் இரண்டு நீள உறுப்புகளும் வளைவையும் முறுக்கலையும் தாமே சுமக்க வேண்டியிருப்பதால் அவற்றைக் கனமாகச் செய்ய நேர்கிறது. கொலின் சப்மன் 1957 இல் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன் 500 கிலோகிராமை அண்டிய எடையோடு ஓடியதற்கும், அதன் வடிவத்தைப் பின்பற்றி 1990களின் நடுப்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் ‘லோகொஸ்ற்’ என்ற பெயரோடு வீடுகளில் கட்டப்பட்டுவரும் கார்கள் 25 மில்லிமீற்றர் சதுரக் குழாயில், 1.6 மில்லிமீற்றர் சுவர்த் தடிப்போடு நிற்பதற்கும் காரணம் இதுவே.

இந்தக் கருத்துக்கு ஈழத்துப் பாடசாலைகளில் ஏற்கெனவே ஒரு சொல் வழங்கிவருகிறது. உயர்தர இணைந்த கணிதத்தில் நிலையியல் படித்த எவருக்கும் ‘சட்டப்படல்’ புதிதன்று. இலேசான கோல்கள் சிலவற்றை ஒப்பமாக மூட்டி, ஒரு மூட்டில் சுமையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கோலிலும் உள்ள தகைப்பு இழுவையா உதைப்பா என்று காணச் சொல்லும் வினாக்களைச் செய்து செய்து சலித்தவர்கள் நம் குழுவிலேயே பலர் இருக்கிறார்கள். அங்கே கோல் வளைவதில்லை. இழுவை அல்லது உதைப்பு, இரண்டில் ஒன்றே. நாம் தேடும் பொருள் முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பாடநூலில் வருவது ஒரு தளத்தில் அடங்கிய சட்டப்படல். காரில் வருவது மூன்று பரிமாணங்களில் விரிந்தது. எனவே ‘முப்பரிமாணச் சட்டப்படல்’ என்பதை முன்மொழிகிறேன். சட்டகத்தோடு சேர்ந்தபோது எதையும் வேறுபடுத்தாத ‘முப்பரிமாணம்’, சட்டப்படலோடு சேரும்போது தளச் சட்டப்படலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கிறது. கராஜுக்குள் பேசும்போது ‘சட்டப்படல்’ என்று மட்டும் சொன்னாலே போதும். காரைப் பொறுத்தவரை ஒரு தளத்தில் அடங்கிய சட்டப்படலை எவரும் தனியே கட்டப்போவதில்லை.

தமிழ்நாட்டு நண்பர்கள் இந்தச் சொல் தங்களுக்கு அயலாக ஒலிக்கிறது என்று சொல்லக்கூடும். ஆனால் அதன் உறுப்புகள் இரண்டும் பொதுச் சொற்களே. படல் என்பது கம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய மறைப்பு. அது இரு கரைக்கும் உரியது. எங்கள் ஒழுங்கைகளில் வீட்டு வாயிலை அடைக்கும் படலையைப் பார்த்தவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. நான்கு பக்கச் சட்டம் மட்டும் உள்ள படலை சில மாதங்களில் மூலை தொங்கி நிலத்தில் உராயத் தொடங்கும். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சலாகையை அறைந்துவிட்டால் அது நிமிர்ந்து நிற்கும். சப்மனின் குழாய்கள் செய்வதும் அந்தச் சலாகையின் வேலைதான்.

திருகோணமலை ஆசிரியர் எழுப்பிய மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பாடநூற் சட்டப்படலில் கோல்கள் ஒப்பமாக மூட்டப்பட்டவை, அதாவது மூட்டில் தடையின்றித் திரும்பக்கூடியவை. காரின் குழாய்களோ வெல்டிங் செய்யப்பட்டு அசையாமல் இறுகியவை. ஆகவே பெயர் பொருந்தாது என்கிறார் அவர். இறுகிய மூட்டு உண்மையே. எனினும் ஒரு சட்டகம் சட்டப்படலா அன்றா என்பதை முடிவுசெய்வது மூட்டை எப்படி இணைத்தோம் என்பது அன்று. மூட்டின் இறுக்கத்தை நம்பி அது நிற்கிறதா என்பதே. எல்லா மூட்டுகளையும் ஊசியால் கோத்ததாக எண்ணிப் பார்க்கும்போதும் உருக்குலையாமல் நிற்குமானால் அது சட்டப்படல். அப்போது உருக்குலைந்துவிடுமானால், எத்தனை குழாய் இருந்தாலும், அந்த இடத்தில் மூட்டுகள்தான் வளைவைச் சுமந்து அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தச் சோதனையையே வரைவிலக்கணமாக நம் பட்டியலில் எழுதலாம் என்பது என் கருத்து.

கோப்பாயில் என் மருமகன் இத்தகைய கார் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறார். குழாய் வாங்குவதற்கு முன் அவர் செய்த மாதிரி இந்தச் சோதனையைக் கைக்குள் கொண்டுவந்தது. கோலுக்கு ஈர்க்கு, மூட்டுக்குப் பழைய சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டிய றப்பர்த் துண்டு. ஈர்க்கின் நுனி றப்பருக்குள் எந்தப் பக்கமும் திரும்பும்; ஆகவே அந்த மாதிரியில் மூட்டுகள் எவ்விதத்திலும் உதவமாட்டா. முன்பக்கத்தை ஒரு கையிலும் பின்பக்கத்தை மறு கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்கியபோது, மூலைவிட்டம் உள்ள முகங்கள் அப்படியே நிற்க, எஞ்சின் இருக்க வேண்டிய பெட்டியின் மேல்முகம் மட்டும் சதுரத்திலிருந்து சாய்சதுரமாகச் சரிந்தது. அதைப் பார்த்த எவருக்கும் அந்த மேல்முகத்துக்கு ஒரு மூலைவிட்டம் தேவை என்பதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

எண்ணிப் பார்த்தாலும் அதே விடை வருகிறது. ஒரு தளத்தில் மூட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால், விறைப்பாக நிற்க வேண்டிய மிகக் குறைந்த கோல்களின் எண்ணிக்கை கிடைக்கும். நான்கு மூட்டுகளுக்கு 5, அதாவது நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும். மூன்று பரிமாணத்தில் மூன்றால் பெருக்கி ஆறைக் கழிக்க வேண்டும். நான்முகிக்கு 4 மூட்டு, 6 கோல். பெட்டி வடிவத்துக்கு 8 மூட்டு, 18 கோல். பன்னிரண்டு விளிம்புகள் போக, ஆறு முகங்களுக்கும் ஒவ்வொரு மூலைவிட்டம். எஞ்சினைத் தூக்கி எடுக்க மேல்முகத்தைத் திறந்து விட்டால் கோல் 17 ஆகிறது. ஓட்டுநர் அமரும் பெட்டியில் நிலைமை இன்னும் கடினம்: ஆள் ஏறி இறங்க மேல்முகமும், கால்களை மிதிகள் வரை நீட்ட முன்முகமும் திறந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நமக்கு இரண்டாவது சொல் ஒன்று தேவைப்படுகிறது. வீட்டுக் கராஜில் கட்டப்படும் கார்களில் பெரும்பாலானவை முழுமையான சட்டப்படல்கள் அல்ல. திறந்த முகங்களில் அவை மூட்டின் இறுக்கத்தையும், ரிவெற் அடித்து ஒட்டிய தகட்டையும் நம்பியிருக்கின்றன. அவற்றைப் ‘பகுதிச் சட்டப்படல்’ என்று அழைக்கலாம். இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டாவிட்டால், படிக்கும் பிள்ளை தன் கார் முழு விறைப்புடையது என்று நம்பி, பக்கத் தகட்டை அழகுக்கான பொருளாக எண்ணி விட்டுவிடும். தரையிலும் பக்கத்திலும் இறுக்கி ஒட்டிய தகடு ஒரு மூலைவிட்டத்தின் வேலையை இரு திசையிலும் செய்வது. அதை ‘விறைப்புத் தகடு’ என்றே குறிக்கலாம்.

முழுமையான சட்டப்படலை விட்டுக்கொடுக்க மறுத்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு 1954 ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்எல் நல்ல சான்று. அதன் பக்கச் சட்டப்படல் அமருமிடத்தின் ஓரத்தில் உயர்ந்து நின்றதால் வழமையான கதவு வைக்க இடமே இருக்கவில்லை. ஆகவே கதவைக் கூரையில் கீலிட்டு, மேல்நோக்கித் திறக்கச் செய்தார்கள். பறவைச் சிறகு போல விரியும் அந்தக் கதவை அலங்காரம் என்று எண்ணுவோர் பலர். அது குழாய்கள் ஓடிய வழி கட்டாயப்படுத்திய ஏற்பாடு. நம் கைந்நூலில் இந்த எடுத்துக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உறுப்புகளின் பெயர்களில் பெரிய சிக்கல் இல்லை. ‘கோல்’, ‘மூட்டு’, ‘மூலைவிட்டக் கோல்’, எஞ்சின் பெட்டியின் மேல் போல்ற் இட்டுப் பூட்டுவதற்குக் ‘கழற்று கோல்’. சதுரக் குழாயைக் கடையிலும் கராஜிலும் ‘பொக்ஸ் பார்’ என்றே கேட்டு வாங்குகிறோம். அதை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. உருளைக் குழாயின் நுனியை மற்றக் குழாயின் வளைவுக்குப் பொருந்தப் பிறை வடிவில் அராவியெடுக்க வேண்டும். பொக்ஸ் பாரை இரும்புவாளால் நேராகவோ சாய்வாகவோ அறுத்தால் போதும். வீட்டில் கட்டுவோர் சதுரத்தைத் தெரிவது அதனால்தான். முதலில் எல்லா மூட்டுகளிலும் சிறு பொட்டாக ஒட்டி, அளவு சரிபார்த்த பின்னரே முழுவதும் ஒட்டும் முறையில் அந்த முதல் ஒட்டுக்குப் ‘பொட்டு ஒட்டு’ என்று வவுனியா நண்பர் தந்த சொல் மிகப் பொருத்தமானது.

தகட்டு உடலே சுமையைத் தாங்கும் ‘மொனோகொக்’ அமைப்புக்குக் ‘கோதுடல்’ என்ற முன்மொழிவை ஏற்கிறேன். 1962 இல் லோட்டஸ் 25 பந்தயக் காரோடு அது முன்னுக்கு வந்தது என்ற குறிப்பும் அங்கே இருக்கட்டும். சட்டப்படலுக்கும் கோதுடலுக்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு நடைமுறையிலும் தேவை. பாகங்களைத் தரும் பழைய காராக, அதாவது நாம் ஏற்ற ‘கொடை வாகனமாக’, இங்கிலாந்தில் 1968 முதல் 1980 வரை வந்த போர்ட் எஸ்கோர்ட் எடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டுவது, 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடித் தாக்குப்பிடித்த மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 உம். மைனரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் அதே வகை லோட்டஸ் செவனிலும் பூட்டப்பட்டது என்பதால் தெரிவு பொருத்தமானதே. ஆனால் மைனர் கோதுடல் கொண்டது. உடலை வெட்டி அகற்றினால் எஞ்சினைத் தாங்க எதுவும் மிஞ்சாது. ஏ40 இன் டெவன், சமர்செற் என்ற வகைகளுக்கு உடலிலிருந்து தனியான செசி, அதாவது அடிச்சட்டகம், உண்டு. அதன்மேலேயே கட்டலாம் என்று சிலர் எண்ணுவார்கள். அப்படிக் கட்டினால் கிடைப்பது இலகுவான உடல் பூட்டிய ஏணிச் சட்டகமே. அதற்குச் சட்டப்படல் என்ற பெயரை நம் நூல் தரக்கூடாது.

‘முப்பரிமாணச் சட்டப்படல்’, ‘பகுதிச் சட்டப்படல்’ இரண்டையும் ஊசிமூட்டுச் சோதனையாகிய வரைவிலக்கணத்தோடு பட்டியலில் சேர்க்க உங்கள் ஒப்புதலைக் கோருகிறேன். பின்னதற்கு ‘கலப்புச் சட்டகம்’ பொருந்தும் என்று கருதுவோர், தகடும் மூட்டும் சேர்ந்து சுமக்கும் நிலையை அது எவ்வாறு காட்டும் என்பதை எழுதினால், வரைபடங்களுக்குப் பெயர் பொறிக்கும் முன் முடிவுசெய்துவிடலாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து