புறவழிப் பராமரிப்பு: ஏஎம்டி குழப்பத்துக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'அவுட்-ஆஃப்-பேண்ட் மேனேஜ்மென்ட்' என்கிற கணினி வசதிக்குத் தமிழில் 'புறவழி மேலாண்மை' என்று சொல்லலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளை எல்லாம் படித்தேன். இந்தச் சொல் எதற்குத் தேவை என்பதை நான் சரியாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பினாங்கில் ஒரு கணக்கியல் நிறுவனத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகம் ஜார்ஜ் டவுனில். கிளைகள் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமிலும் கூலிமிலும். இந்த ஆண்டு 40 கணினிகளை மாற்றுகிறோம். எந்த நிறுவனத்தின் செயலி, இன்டெலா ஏஎம்டியா என்று முதலாளிக்கு அறிக்கை தர வேண்டும். அவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், தமிழிலேயே எழுதுங்கள் என்றார். எழுதினேன். அதில் ஒரு வரி, 'இன்டெலில் ஏஎம்டி இருக்கிறது.' இரண்டு முறை படித்துவிட்டு, இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டதா என்று கேட்டார்.

அவர் மேல் தவறே இல்லை. ஒன்று போட்டி நிறுவனத்தின் பெயர் (AMD), இன்னொன்று இன்டெல் செயலியோடு வரும் ஒரு வசதியின் சுருக்கப் பெயர் (AMT). ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு, தமிழில் இரண்டுக்கும் 'டி'தான். இன்டெல் 2006இல் கொண்டுவந்த வீப்ரோ என்ற வணிக முத்திரையை எழுதலாம் என்றால், அதைப் பெங்களூர் மென்பொருள் நிறுவனமான விப்ரோ என்று படிக்கிறார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு, வேலையைச் சொல்லும் சொல் வேண்டும்.

வேலை இதுதான். விண்டோஸ் எழவே இல்லை, அல்லது கணினியே அணைந்து கிடக்கிறது. மின்சாரமும் வலைக்கம்பியும் மட்டும் இருந்தால் போதும், நான் ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்தபடி கூலிம் கணினியை உயிர்ப்பித்து, அதன் திரையைப் பார்த்து, பழுது நீக்கலாம். நாம் வழக்கமாகப் போடும் தொலைதூர மென்பொருள் விண்டோஸ் ஓடினால்தான் ஓடும். இந்த வசதியோ இயங்குதளத்தைத் தொடாமல் தனி வன்பொருள் வழியாக வருகிறது. சாயங்கால நெரிசலில் ஒரே ஒரு கணினிக்காகப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வாங்கும்போது ஏமாறும் இடமும் இதுதான். இன்டெல் ஐ5-12500இல் இந்த வசதி உண்டு, ஐ5-12400இல் இல்லை. தாய்ப்பலகையும் (மதர்போர்டு) கியூ670 போன்ற வணிக வகையாக இருக்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தில் இதே வேலைக்கு ரைசன் ப்ரோ வரிசைச் செயலிகள். அது டேஷ் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுகிறது, வலையட்டையும் (நெட்வொர்க் கார்டு) அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து வாங்கினால் இரண்டு வகைக் கருவிகளைக் கட்டி மேய்க்க வேண்டும். ஏதாவது ஒன்றைப் பிடித்து 40ஐயும் அதிலேயே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

இந்த ஊரில் இது வெறும் விலைக் கணக்கு இல்லை. இன்டெலும் ஏஎம்டியும் 1972இல் பாயான் லெப்பாஸில் ஆலை தொடங்கியவை. என் அம்மாவும் அந்த வட்டாரத்துக்கு ஃபேக்டரி பஸ்ஸில் போய் வந்தவர். குடும்பத்தில் யார் எங்கே வேலை செய்தார்கள் என்பதை வைத்தே எது நல்ல செயலி என்று பேசுகிற வீடுகள் உண்டு. அந்தப் பற்று எனக்குப் புரிகிறது. ஆனால் அறிக்கையில் எதை ஒப்பிடுகிறோம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'அவுட்-ஆஃப்-பேண்ட்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பான 'பட்டைக்கு வெளியே' வேண்டாம். அது பழைய தொலைபேசித் துறையில் பேச்சுத் தடத்துக்கு வெளியே சைகை அனுப்பியதிலிருந்து வந்த வழக்கு, தமிழில் மரப்பட்டைதான் நினைவுக்கு வரும். 'தொலைநிலை மேலாண்மை' என்பதும் பொருந்தவில்லை. பக்கத்து மேசைக் கணினிக்கும் இதே வசதியைத்தான் பயன்படுத்துகிறேன், தூரம் இங்கே முக்கியமே இல்லை.

நான் முன்வைப்பது புறவழி. ஊருக்குள் நுழையாமல் போகிற புறவழிச்சாலை மாதிரி, இயங்குதளத்துக்குள் நுழையாத வழி. இங்கே எல்லோரும் பைபாஸ் என்றே சொல்கிறோம், இருந்தாலும் அலுவலகத்தில் கேட்ட மூன்று பேருமே 'வெளியே சுற்றிப் போகிற வழி' என்று உடனே சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்து ஐயா எழுப்பிய தடை வலுவானது. புறவழி என்றால் திருட்டுத்தனமான பின்கதவு என்று படிக்க மாட்டார்களா என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் யோசித்தேன். புறம் என்பதற்கு இங்கே வெளி என்றுதான் பொருள். ஆனாலும் அந்தச் சாயல் கொஞ்சம் இருந்தால் நல்லதுதான் என்று படுகிறது. இன்டெலின் இந்த வசதியில், கடவுச்சொல் இல்லாமலே நுழைய விடுகிற ஓட்டை 2017இல் வெளியானது. காவலைச் சுற்றி வரும் வழி என்பதால் அதற்குத் தனிப் பூட்டு வேண்டும் என்று வாங்குகிறவருக்கு அந்தச் சொல்லே உணர்த்தட்டும்.

அப்புறம், ஈப்போ அக்கா சொன்னபடி 'மேலாண்மை'யை எடுத்துவிட்டுப் 'பராமரிப்பு' என்று மாற்றிவிட்டேன். கடைக்காரருக்கும் அதுதான் புரியும்.

புறவழிப் பராமரிப்பு: இயங்குதளம் ஓடாதபோதும், தனி வன்பொருள் வழியாகக் கணினியை அடைந்து இயக்குவதும் பழுது பார்ப்பதும்.

அறிக்கையின் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'புறவழிப் பராமரிப்பு இரண்டு நிறுவனங்களிலும் உண்டு. இன்டெலில் செயலி எண்ணையும் தாய்ப்பலகையையும், ஏஎம்டியில் ப்ரோ என்ற பெயரையும் வலையட்டையையும் பார்த்து வாங்க வேண்டும்.' வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன். அதற்குள் இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து