ஏதென்ஸ் ஆந்தைக் காசு: எடை குறைவு, கூடவே "போஸ்ஸி 1921" அட்டை. நம்பலாமா?

காசுப்பை: ஏதென்ஸ் வெள்ளி டெட்ராட்ராக்ம் (நான்கு டிராக்மா காசு), கி.மு. 5ஆம் நூற்றாண்டு வகை. 16.10 கிராம், 24 மி.மீ. பெரிதாகத் தேயவில்லை. ஆந்தைப் பக்கம் ஆழமான வெட்டு. பழைய அட்டையில் "போஸ்ஸி, 1921". திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

வெள்ளித்தராசு: வெட்டு பரவாயில்லை. உள்ளே செம்பா என்று சோதிக்க அந்தக் காலத்திலேயே போடுவார்கள். எடைதான் உறுத்துகிறது, 17.2 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். வெட்டின் அடியை லென்ஸில் பாருங்கள். செம்பு நிறமோ பச்சைக் களிம்போ தெரிந்தால் முலாம் காசு.

அடுத்து அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். 16.10ஐ அப்போது வரும் எண்ணால் வகுக்கவும். நல்ல வெள்ளி 10.2க்கு மேல் வரும். வெட்டுக்குள் காற்றுக்குமிழி நின்றால் விடை குறையும்.

காசுப்பை: 1.56 காட்டுகிறது. அப்படியானால் 10.32. வெட்டுக்குள்ளும் வெள்ளிதான்.

வெள்ளித்தராசு: முலாம் இல்லை, அவ்வளவுதான். வார்ப்புப் போலியும் நல்ல வெள்ளியில் வரும். ஆறும்போது சுருங்குவதால் எடை குறையும். விளிம்பில் அரம் போட்ட தடம், குழிகளில் பொடித்துளைகள் இருக்கிறதா பாருங்கள். தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

பழையபட்டியல்: அட்டையை எந்தக் காசோடும் வைக்கலாம். போஸ்ஸி என்பவரின் காசுச் சேகரிப்பை 1921இல் ஜெனீவாவைச் சேர்ந்த நாவில் நிறுவனம் ஏலம் விட்டது. அந்த ஏலப் பட்டியலின் படப் பக்கங்களோடு ஒப்பிடுங்கள். அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் காசின் பிளாஸ்டர் நகலைப் படம் பிடித்தவை, நிறம் உதவாது. அதீனா தேவியின் முகமும் ஆந்தையும் ஒத்துப்போவதில் மயங்காதீர்கள். ஒரே அச்சில் எத்தனையோ காசு அடித்திருப்பார்கள். விளிம்பின் வடிவம், வெட்டின் இடம், உருவம் எங்கே விளிம்பில் அறுபடுகிறது, இவைதான் சாட்சி. புதுக் கீறல் பிறகு விழலாம். படத்தில் இருக்கும் வெட்டு காசில் இல்லாமல் போகாது.

விற்றவரிடம் ஏல எண், லாட் எண் (ஏலத்தில் அந்தக் காசின் வரிசை எண்), பழைய ரசீது, ஏற்றுமதி அனுமதி கேளுங்கள். பண்பாட்டுப் பொருள் கடத்தலைத் தடுக்கும் 1970 யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்கு முந்தைய காகிதம் இருந்தால் மதிப்பே வேறு. "பழைய ஸ்விஸ் சேகரிப்பு" என்ற வாய்வார்த்தை எதற்கும் ஆகாது. 2020இல் லண்டனில் விற்ற, சீசரைக் கொன்ற ரோமானியர் புரூட்டஸின் தங்கக்காசு, பொய் வரலாறு அம்பலமானதும் 2023இல் கிரீஸுக்குத் திரும்பியது.

காசுப்பை: ஆந்தைக் காசுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் இந்த வெட்டு இல்லை. ஒன்று மட்டும் கிட்ட வருகிறது. ஆனால் அதில் அதீனாவின் தலைக்கவசக் கொண்டை பாதி விளிம்புக்கு வெளியே, என்னுடையதில் முழுதாக இருக்கிறது.

பழையபட்டியல்: அப்படியானால் வேறு காசு. அட்டையோடு சேர்த்தே திருப்பி அனுப்புங்கள், அதற்குமுன் இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து வையுங்கள்.