நெல் வராத மாதத்துக்கும் டிமாண்ட் சார்ஜ் கட்டத்தான் வேண்டுமா?

நீடாமங்கலம்_அரவை:

இப்போது நாம் கட்டும் மின்கட்டணம் 2022 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி வருவது. அதன் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்து மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதிய மனுவை எடுத்து, எல்லோரிடமும் கருத்து கேட்டுத்தான் கட்டணம் வைக்க வேண்டும். போன முறை டெல்டா ஆலைக்காரர்கள் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறை முன்கூட்டியே பேசிவிடலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் அரிசி ஆலைக்கு எச்.டி., அதாவது உயர் அழுத்த, சர்வீஸ். எழுதி வாங்கியிருக்கும் உச்ச மின்திறன் அளவு 300 கே.வி.ஏ. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதில் 90 சதவீதத்துக்கு, அதாவது 270 கே.வி.ஏ.வுக்கு, டிமாண்ட் சார்ஜ் என்ற நிலையான மாதக் கட்டணம் கட்டியாக வேண்டும். முன்பு ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாய், மொத்தம் 94,500. 2022-ல் அது 550 ஆனது. அப்புறம் ஒவ்வொரு ஜூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2025 ஜூலையில் 608. அந்தக் கணக்கில் மாதம் 1,64,160 ரூபாய். ஒரு யூனிட் எரியும் முன்பே இவ்வளவு.

குறுவை நெல் செப்டம்பர் கடைசியில் வரத் தொடங்கும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில். எல்லாம் சேர்த்து முழு ஓட்டம் ஐந்தாறு மாதம்தான். மே, ஜூன், ஜூலையில் எங்கள் மீட்டரில் பதிவாவது 60, 70 கே.வி.ஏ. அந்த மாதங்களில் இழுத்த அளவுக்கு மட்டும் வாங்கினால் என்ன?

குடந்தை_பொறியாளர்:

மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆலைக்காரர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஆனாலும் இந்தக் கோரிக்கையை எதிர்க்கிறேன்.

டிமாண்ட் சார்ஜ் எரித்த மின்சாரத்துக்கான விலை கிடையாது. எந்த நேரம் சுவிட்சைப் போட்டாலும் 300 கே.வி.ஏ. வரும்படி தயாராக வைத்திருப்பதற்கான பணம் அது. துணைமின் நிலையத்து டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து வரும் 11 கே.வி. லைனான ஃபீடர், பிரேக்கர் எல்லாம் உங்கள் அக்டோபர் தேவைக்கு அளவெடுத்து வைத்தவை. மே மாதம் வந்தால் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிச் சின்னதாக மாட்ட முடியாது. வாரியம் மின்சாரம் வாங்கும் இடத்திலும் இப்படித்தான். அனல் மின்நிலையத்தோடு போடும் ஒப்பந்தத்தில், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான பகுதி ஒன்று உண்டு.

அந்த 350 ரூபாய் 2014 டிசம்பரில் வைத்தது. எட்டு வருடம் யாரும் தொடவில்லை. கம்பி விலை, சம்பளம், வட்டி எல்லாம் ஏறிய காலம் அது. 2022-ல் ஒரே அடியாக 200 ரூபாய் ஏற்றியது தவறு. வருடா வருடம் சிறிது சிறிதாக ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியதே தவறு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலை இல்லாத மாதத்தில் கேட்பு அளவை, அதாவது எழுதி வாங்கிய கே.வி.ஏ.வை, இறக்கித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாமே? ஏன் செய்யவில்லை?

நீடாமங்கலம்_அரவை:

செய்தோம் சார். இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் பாடு. ஒரு வருடம் கோடையில் 150-க்கு இறக்கினோம். ஆவணியில் மறுபடி 300 கேட்டு எழுதிக் கொடுத்தால், ஃபீடரில் இடம் இருக்கிறதா பார்க்க வேண்டும், ஆய்வுக்கு வர வேண்டும் என்று காகிதம் மேசை மேசையாக நகர்ந்தது. அனுமதி கைக்கு வந்தபோது ஐப்பசி பாதி போய்விட்டது. அதற்குள் நெல் வந்து குவிந்துவிட்டது, ஓட்டாமல் இருக்க முடியுமா? தாண்டி இழுத்த ஒவ்வொரு கே.வி.ஏ.வுக்கும் இரட்டைக் கட்டணம். கோடையில் மிச்சம் பிடித்தது அந்த இரண்டு மாதத்தில் போய்விட்டது. மறு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

கோரையாறு_சாகுபடி:

நான் விவசாயி. மன்னார்குடிப் பக்கம். ஆலைக்கார அண்ணன் சொல்வதில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். நீங்கள் கட்டாமல் விடும் பணத்தை யார் கட்டுவது?

மின்வாரியத்துக்கு வர வேண்டிய மொத்தத் தொகையை ஆணையம் முதலில் முடிவு செய்கிறது. அதை அப்புறம் வீடு, கடை, ஆலை என்று பிரிக்கிறது. ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் ஏறும். எச்.டி. கட்டணம் குறைய வேண்டும் என்று பேசத் தொடங்கினால் நாலாவது வாக்கியத்தில் "இலவச மின்சாரம்" என்று எங்கள் மோட்டார் வந்து நிற்கும். எத்தனையோ கூட்டத்தில் பார்த்துவிட்டேன். 1990-ல் கிடைத்த உரிமை அது. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்காத வருடங்களில் குறுவை நாற்றைக் காப்பாற்றியது அந்த மோட்டார்தான். அந்த நாற்று இல்லாவிட்டால் உங்கள் ஆலைக்கு அக்டோபரில் ஏது நெல்?

நீடாமங்கலம்_அரவை:

தம்பி, உங்கள் மோட்டாரை நான் இழுக்கவே இல்லை. ஆனால் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். இலவசம் கொடுப்பது அரசின் முடிவு. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 65 என்ன சொல்கிறது? எந்தப் பிரிவினருக்காவது சலுகை தர அரசு நினைத்தால், அந்தப் பணத்தை அரசே முன்கூட்டி மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். உழவனுக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், அரசு கஜானாவிலிருந்து கொடுங்கள். என் பில்லிலிருந்து வேண்டாம். 2025 ஜூலையில் வீடுகளுக்கு ஏற்ற வேண்டியதை அரசே ஏற்றுக்கொண்டது. எங்களைப் போன்ற ஆலைக்கு 3.16 சதவீதம் முழுதாக விழுந்தது.

குடந்தை_பொறியாளர்:

இந்த இடத்தில் அரவைக்காரர் பக்கம் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 11 கே.வி.யில் வாங்குபவருக்கு மின்சாரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு குறைவு. தாழ்வழுத்தக் கம்பியில் ஆகும் இழப்பு அவர் கணக்கில் வராது. டிரான்ஸ்ஃபார்மரும் அவருடையது, பராமரிப்பும் அவருடையது. எந்தப் பிரிவின் கட்டணமும் சராசரிச் செலவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று தேசியக் கட்டணக் கொள்கை சொல்கிறது. சட்டத்தின் 61-வது பிரிவும் குறுக்கு மானியத்தை, அதாவது ஒரு பிரிவினரிடம் கூட்டி வாங்கி இன்னொரு பிரிவினருக்குக் குறைப்பதை, படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது.

ஆனால் அது யூனிட் விலையில் கேட்க வேண்டிய விஷயம். தயாராக வைத்திருப்பதற்கான பணத்தில் கை வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது நான் பணியில் இருந்தேன். வேதாரண்யத்திலிருந்து மன்னார்குடி வரை கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. தண்ணீரில் நின்றுகொண்டு நட்டோம். வெளிமாவட்ட ஆட்கள், வெளிமாநில ஆட்கள் எல்லாம் வந்தார்கள். அன்றைக்கு உங்களில் யாரும் மின்சாரம் எரிக்கவில்லை, மீட்டர் ஓடவில்லை. ஆனால் ஆள் வேண்டும், கம்பம் வேண்டும், லாரி வேண்டும். யூனிட்டை மட்டும் நம்பி இருக்கும் நிறுவனம் அந்த மாதிரி நாளில் எழுந்து நிற்காது.

நாகை_ஐஸ்_கணக்கு:

நான் நாகப்பட்டினத்தில் பெரிய ஐஸ் பிளாண்ட் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் கதை இன்னும் தெளிவானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கு ஆள் இல்லை. ஆலை தூங்குகிறது. பில் மட்டும் 90 சதவீதத்துக்கு வருகிறது. தடை போட்டது அரசு. தேதி வருடா வருடம் மாறாமல் வருகிறது. இதை முன்கூட்டியே மின்வாரியத்தால் கணக்கில் கொள்ள முடியாதா சார்?

அரவைக்காரர் அண்ணன் "இழுத்த அளவுக்கு மட்டும்" என்று கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. அப்படிக் கொடுத்தால் எல்லோரும் 1,000 கே.வி.ஏ. எழுதி வாங்கிவிட்டு 100 இழுப்பார்கள். அடுத்து வருபவருக்கு ஃபீடரில் இடம் இருக்காது. ஆனால் வருடத் தொடக்கத்திலேயே "இந்த மாதங்களுக்கு இவ்வளவு, மற்ற மாதங்களுக்கு இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? நடுவில் காகிதமே வேண்டாம். செப்டம்பர் முதல் தேதி தானாக 300-க்கு ஏற வேண்டும். சொன்னதைத் தாண்டினால் இரட்டைக் கட்டணம் வாங்குங்கள், கேட்க மாட்டோம்.

குடந்தை_பொறியாளர்:

அம்மா, இது யோசிக்க வேண்டியது. மே மாதம் வீடுகளில் ஏ.சி. ஓடுவதால் மாநிலத்தின் தேவை உச்சத்தில் நிற்கும் நேரம். அந்த மாதத்தில் நீங்கள் இடத்தைக் காலி செய்வது வாரியத்துக்கும் உதவிதான். ஆனால் ஒரு நிபந்தனை. கோடையில் கட்டணம் குறைந்தால், முழு ஓட்ட மாதத்தில் ஒரு கே.வி.ஏ.வுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஃபீடர் பன்னிரண்டு மாதமும் நிற்கிறது அல்லவா?

நீடாமங்கலம்_அரவை:

கூடுதலா? அதை எங்கே வைப்பேன்? நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரைத்துக் கொடுக்கும் நெல்லுக்குக் கூலி அரசு வைத்தது. கரண்ட் பில் ஏறுகிறது என்று நான் கூலியை ஏற்ற முடியாது.

கோரையாறு_சாகுபடி:

வெளிச்சந்தைக்கு அரைக்கும் நெல்லில் ஏற்றலாம் அண்ணே, ஏற்றத்தான் செய்கிறீர்கள். மூட்டைக்கு இருபது, முப்பது குறைத்து எடுப்பது யாரிடம்? எங்களிடம்தானே?

கடைமடை_தலைஞாயிறு:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் இலவச மோட்டார் என்ற பேச்சுக்கே இடமில்லை. போர் போட்டால் உப்புத் தண்ணீர். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் எங்களுடையது. ஆகவே இந்த இரண்டு பேர் சண்டையில் எனக்குப் பக்கம் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அக்டோபரில் ஆலைகளில் நெல் உலர்த்தும் டிரையர் நிற்காமல் ஓட வேண்டும்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை ஒதுக்குகிறார்கள். குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. சாலையில் கொட்டிக் காயவைத்த நெல் மழையில் முளைத்ததை 2025 அக்டோபரில் எல்லோரும் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து ஆலைக்காரர் "டிமாண்ட் தாண்டிவிடும், டிரையரை இரவில் போடுகிறேன்" என்றால் என் நெல் முளைத்துவிடும். ஐஸ் பிளாண்ட் தங்கை சொன்னது போல அந்த மாதங்களுக்குப் போதிய அளவு முன்பே எழுதி வைத்திருந்தால் அந்தப் பயம் இல்லை. ஐயா சொல்லும் கூடுதல் கட்டணத்தைக் காலை, மாலை உச்ச நேரத்தில் யூனிட் விலைக்கு மேல் வாங்கும் 25 சதவீதத்தோடு சேர்த்து யோசியுங்கள். அறுப்புக் காலத்தில் டிரையருக்கு இரண்டும் சேர்ந்து விழுந்தால் யாரும் அதை ஓட்ட மாட்டார்கள்.

நீடாமங்கலம்_அரவை:

இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சொன்னேன்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும், இணைப்புக் கட்டணம். எங்களுக்கு சர்வீஸ் கொடுக்கும்போது துணைமின் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் லைன் இழுக்க வேண்டும் என்றார்கள். கம்பம், கம்பி, கூலி என்று எஸ்டிமேட் போட்டு முழுதையும் எங்களிடம் வாங்கினார்கள். சரி, கட்டினோம். லைன் வாரியத்துக்குச் சொந்தம், அதையும் ஒத்துக்கொண்டோம். இரண்டு வருடம் கழித்து அதே லைனிலிருந்து ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு இணைப்பு போனது. அவர்கள் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் கட்டினார்கள். எங்களுக்கு ஒரு பைசா திரும்பவில்லை.

கோரையாறு_சாகுபடி:

இதில் நான் உங்கள் பக்கம். வரிசையில் காத்திருக்காமல் பணம் கட்டி வாங்கும் தட்கலில் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் கட்டி இணைப்பு வாங்கியவன் நான். முதலில் வருபவன் முழுச் செலவையும் சுமக்க, பின்னால் வருபவன் அதே கம்பியில் ஏறிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

குடந்தை_பொறியாளர்:

சட்டத்தின் 46-வது பிரிவு, இணைப்பு கொடுக்க ஆகும் நியாயமான செலவை வாங்கிக்கொள்ளத்தான் அனுமதிக்கிறது. எவ்வளவு, எப்படி என்பதை ஆணையம்தான் விதியில் வைக்கிறது. ஆகவே இதைக் கட்டண மனுவோடு தனியாகக் கேட்கலாம்: புதிய லைனிலிருந்து குறிப்பிட்ட வருடங்களுக்குள் அடுத்தவர் இணைந்தால், அவருடைய பங்கு முதலில் கட்டியவர் பில்லில் கழிக்கப்பட வேண்டும். வாரியத்துக்கு இதில் நஷ்டம் இல்லை. பணியில் இருந்தபோது நானே இந்தக் குறையை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை.

நாகை_ஐஸ்_கணக்கு:

கேட்கப் போவது எங்கே என்பதையும் பேசுங்கள். 2022 ஆகஸ்டில் கருத்துக்கேட்பு கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் நடந்தது. நாகையிலிருந்து யார் போவது? ஒரு நாள் சம்பளம் போகும், நம் முறை வரும்போது மூன்று நிமிடம் பேசலாம். இந்த முறை தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு அமர்வு வைக்கச் சொல்லி முதல் கடிதம் அதற்கே போட வேண்டும்.

குடந்தை_பொறியாளர்:

நல்லது. எழுத்துமூலம் மனு அனுப்பினாலும் ஆணையம் அதைப் பதிவில் ஏற்று, பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஆனால் எண் இல்லாத மனு நிற்காது. அரவைக்காரரும் ஐஸ் பிளாண்ட் அம்மாவும் 24 மாத பில்லில் பதிவான மேக்சிமம் டிமாண்டை, அதாவது அதிகபட்சமாக இழுத்த கே.வி.ஏ.வை, மாதவாரியாக இங்கே போடுங்கள். இன்னும் நாலைந்து ஆலைகளுடையதும் வேண்டும். எந்த மாதம் எவ்வளவு காலியாகிறது, முழு ஓட்ட மாதத்தில் எவ்வளவு கூட்டினால் வாரியத்துக்கு வரும் தொகை குறையாது என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். வரும் தொகை குறைந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீடாமங்கலம்_அரவை:

ஞாயிற்றுக்கிழமைக்குள் என் பில் வந்துவிடும் சார். கூடுதல் கட்டணம் என்ற வார்த்தையை மட்டும் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுவேன்.

கோரையாறு_சாகுபடி:

மனுவின் நகலை அனுப்பும் முன் எனக்கும் காட்டுங்கள் அண்ணே. இணைப்புக் கட்டணப் பகுதிக்கு எங்கள் ஊரிலிருந்து பத்துக் கையெழுத்து வாங்கித் தருகிறேன். அதில் பம்புசெட்டைப் பற்றி ஒரு வரி இருந்தால், அதே பத்துப் பேரும் எதிர்மனு போடுவோம்.