சூரை மீனில் ஹிஸ்டமின்: இரண்டு பீக்குகள் பிரியவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காகப் பாம்பனில் இறங்கும் சூரை மீனில் ஹிஸ்டமின் (அதிகமானால் ஒவ்வாமை போன்ற நச்சு விளைவு தரும் பொருள்) எவ்வளவு என்று எச்.பி.எல்.சி.யில் அளக்கிறேன். கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பீக்காக (வரைபட முகடாக) காட்டும் கருவி அது. ஐஸ் போடத் தாமதமானால் பாக்டீரியா ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. எங்கள் வீட்டிலும் இந்த மீன்தான் குழம்பு. அதனால் எண் சரியாக வர வேண்டும்.

மீன் சாற்றில் டான்சில் குளோரைடு (ஹிஸ்டமினைக் கருவி கண்டுகொள்ளச் செய்யும் வேதிப்பொருள்) சேர்த்து 40 டிகிரியில் 45 நிமிடம் வைக்கிறேன். சி18 காலம் (column, பொருட்களைப் பிரிக்கும் குழாய்), 250 மி.மீ., துகள் 5 மைக்ரான். அசிட்டோநைட்ரைல்–தண்ணீர் கிரேடியன்ட் (கலவை விகிதத்தைப் படிப்படியாக மாற்றுவது), நிமிடத்துக்கு 1 மி.லி., 254 நானோமீட்டர் ஒளியில் அளவு. ஸ்டாண்டர்டில் (அளவு தெரிந்த தூய கரைசலில்) எல்லாம் அழகாகப் பிரிகிறது. மீன் சாம்பிள் போட்டால் கடாவரின் (கெடும் மீனில் உண்டாகும் இன்னொரு அமீன்) பீக்கும் ஹிஸ்டமின் பீக்கும் ஒட்டிக்கொள்கின்றன, ரெசல்யூஷன் (பீக்குகள் பிரியும் அளவு) 0.9தான், 1.5 வேண்டும். காலம் அவன் (column oven, குழாயை ஒரே சூட்டில் வைக்கும் பெட்டி) எங்களிடம் கிடையாது. காலையில் ஓட்டியதற்கும் மதிய வெயிலில் ஓட்டியதற்கும் பீக் வரும் நேரம் அரை நிமிடம் தள்ளிப்போகிறது. இதுதான் காரணமோ என்று சந்தேகம்.

கிரேடியன்டை மெதுவாக்கினேன், கொஞ்சம்தான் பலன். அப்புறம் என்ன செய்யலாம்? அம்மோனியம் அசிடேட் பஃபரா, கொஞ்சம் மெத்தனால் கலப்பதா? வெப்பநிலையைத்தான் முதலில் நிலைப்படுத்த வேண்டுமா? மீன் சாம்பிளில் இதைச் செய்து பார்த்தவர்கள் உங்கள் கிரேடியன்டைச் சொன்னால் பெரிய உதவி. குரோமட்டோகிராம் படங்களை கமெண்டில் போடுகிறேன்.