கடைக்கு ஆள் எடுக்கும்போது எந்தக் குணத்தைப் பார்க்கிறீர்கள்?

பலகாரக்கடை, காரைக்குடி
செக்காலை ரோடு பக்கம் சின்னதாகப் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம். பார்சல் வேலைக்கு ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் பையன் பி.காம்., கம்ப்யூட்டர் தெரியும், வாய் திறந்தால் தேன் ஒழுகும். போன தீபாவளிக்கு முந்தின வாரம் நமத்துப்போன சீடையை அப்படியே டப்பாவில் அடைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டான். தெரியுமா என்றால் தெரியும் என்கிறான், ஏன் சொல்லவில்லை என்றால் "நீங்க டென்ஷனா இருந்தீங்க அண்ணே" என்கிறான். அடுத்து வந்தவர் கைசுத்தம், ஒரு பைசா தப்பாது. ஆனால் சாரல் அடித்து அட்டைப்பெட்டி நனைகிறது, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலையைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், குணத்தை அரை மணி நேரப் பேச்சில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆத்தங்குடி ஆச்சி
பேச்சில் ஒன்றும் தெரியாது தம்பி. நான் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுக்கிறேன். புது ஆள் என்றால் அரை நாள் வேலை கொடுப்பேன், அதற்குக் கூலியும் உண்டு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சச் சொல்வேன். புதிதாக வருகிறவளுக்கு அது பெரும்பாலும் முற்றிவிடும், முற்றட்டும், அதற்கு அப்புறம் என்ன செய்கிறாள் என்பதைத்தான் நான் பார்ப்பது. ஒருத்தி சத்தமில்லாமல் மாவைக் கொட்டிக் கிளறி மூடிவிடுவாள். ஒருத்தி "வெல்லம் சரியில்லை ஆச்சி" என்பாள். மாசி மாதம் வந்த பெண் கரண்டியோடு ஓடிவந்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி என் கையில் வைத்து, "கல்லு மாதிரி ஆயிருச்சு, இப்ப என்ன பண்ணட்டும்" என்றாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டேன். முறுக்குச் சுற்ற அவளுக்கு இன்னும் சரியாக வராது, அது வேறு விஷயம்.

தேவகோட்டைக்காரன் (இப்போது சென்னை)
ஆள் எடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஆச்சி வழிதான் சரி. 1998-ல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஆள் எடுக்கும் முறைகளில் எது பலிக்கிறது என்று 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எத்தனை வருஷ அனுபவம் என்பது பெரிதாக எதையும் சொல்லவில்லை, கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வது சுத்தமாக வேலைக்கு ஆகவில்லை, வேலையையே செய்யச் சொல்லிப் பார்ப்பதும் வந்த எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பதும் நன்றாக எடுபட்டன. 2022-ல் வேறு சிலர் அந்தக் கணக்கைத் திருத்தியபோது எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் முறைதான் முன்னால் நின்றது. நான் எல்லாரிடமும் கேட்பது: கடைசியாக வேலையில் என்ன தப்புச் செய்தீர்கள், முதலில் யாரிடம் சொன்னீர்கள்? "அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை" என்று ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

கானாடுகாத்தான் பேரன்
எங்க ஐயா ரங்கூனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர். கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, மாகாணி வாய்ப்பாட்டோடு (பின்ன வாய்ப்பாடு) வட்டிக் கணக்கு, அதெல்லாம் தாண்டித்தான் அடுத்தாள் (ஏஜெண்டுக்கு உதவியாள்), அப்புறம் கடையை நடத்தும் ஏஜெண்டு. ஒரு தடவை போனால் மூன்று வருஷ வேலை, அதை ஒரு கணக்கு என்பார்கள். முதலாளி சில நாள் கல்லாவில் வேண்டுமென்றே ஓரணா கூட வைத்துவிடுவாராம். குறைந்தால் எல்லாரும் பதறுவார்கள், கூடினால் எவன் வந்து சொல்கிறான் என்று பார்க்க. ஆனால் ஒன்று, அன்று ஆள் எடுத்தது பெரும்பாலும் சொந்தபந்தத்துக்குள். தப்புச் செய்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. பாதி நேர்மை அந்தப் பயத்தில் வந்தது, இன்று அதை எதிர்பார்க்க முடியாது.

கல்லாப்பெட்டி
எல்லாரும் முதலாளி பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் இருந்தவன். 500 ரூபாய் குறைகிறது என்று நானே போய்ச் சொன்னேன். வாடிக்கையாளர் முன்னால் கத்திவிட்டு, சம்பளத்திலும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தக் கடையில் யாரும் எதையும் சொன்னதில்லை. நீங்கள் டென்ஷனாக இருந்தீர்கள் என்று அந்தப் பையன் சொன்னானே, அதை ஏன் சாக்கு என்று எடுத்துக்கொள்கிறீர்கள்? சம்பளம் எவ்வளவு என்றும் கேள்வியில் காணோம்.

பலகாரக்கடை, காரைக்குடி
12,000, மதியச் சாப்பாடு. நீங்கள் சொன்னது சுருக்கென்றுதான் இருக்கிறது. சீடைக்கு நாலு நாள் முன்னால் ஒரு பெட்டி டப்பா மூடி விரிசல் என்று அவன்தான் வந்து சொன்னான், நான் பேசிய பேச்சு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. சரி, வருகிற ஆளுக்கு அரை நாள் வேலை கொடுத்துப் பார்க்கிறேன், பழைய பையனுக்கும் ஒரு போன் போட்டுப் பார்க்கணும். ஆச்சி, அந்த முற்றின பாகை என்ன செய்தீர்கள்?

ஆத்தங்குடி ஆச்சி
கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவிட்டு, பதம் பார்த்து இறக்கினோம். அன்றைக்கு அதிரசம் நன்றாகவே வந்தது. மாவைக் கொட்டின பிறகு சொல்லியிருந்தால் பெரும்பாடு.