பிட்சருக்குத் தமிழில் என்ன? (குடம் வேண்டாம்)

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். நான் நியூ ஜெர்சியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பது குழுவில் சிலருக்குத் தெரியும். ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கு இந்த முறை பிள்ளைகள் தாங்களே தலைப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள்: பேஸ்பால் வரலாற்றில் தலைசிறந்த பிட்சர் (அடிப்பவருக்குப் பந்து போடுபவர்) யார்? நான்கு அணிகள். வால்டர் ஜான்சன், சாண்டி கோஃபாக்ஸ், கிரெக் மேடக்ஸ், பெட்ரோ மார்ட்டினெஸ். எனக்கு அந்த ஆட்டம் அரைகுறைதான், ஆனால் பிள்ளைகள் எண்களை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் ஒரு பையன் பேச்சைக் கணினியில் மொழிபெயர்த்து எடுத்து வந்தான், அதில் "417 வெற்றிகள் பெற்ற மாபெரும் குடம் வால்டர் ஜான்சன்" என்று இருந்தது. ஆங்கிலத்தில் பிட்சர் என்றால் குடம் என்றும் பொருள். வகுப்பே சிரித்தது, அவனுக்குத்தான் கடைசிவரை ஏன் என்று புரியவில்லை.

நிகழ்ச்சி நிரல் வெள்ளி இரவு அச்சுக்குப் போகிறது. பிட்சர் என்பதற்கு என்ன போடலாம்? பந்துவீச்சாளர் போதுமா? அப்புறம், ஈ.ஆர்.ஏ. என்ற கணக்குக்கும் (ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ஓட்டம்) ஒரு சொல் இருந்தால் நல்லது.

ஆசிரியை, நியூ ஜெர்சி

* * *

அம்மா,

குடத்தை உடைத்துவிட்டு வருகிறேன். வீசுதல் இங்கே பொருந்தாது. காற்று வீசும், மணம் வீசும், வலை வீசுவோம். வீச்சில் பரப்பு உண்டு, குறி இல்லை. நீங்கள் சொல்லும் ஆட்டத்தில் ஒருவன் மேட்டில் நின்று ஒரு சிறு கட்டத்துக்குள் பந்தைச் செலுத்துகிறான் என்று அறிகிறேன். அது எறிதல். அறி என்பதிலிருந்து அறிஞர் வந்தது போல எறி என்பதிலிருந்து எறிஞர். இலக்கணம் பழுதில்லை, ஓசையும் நன்று.

எறிதலுக்கு வெட்டி வீழ்த்துதல் என்றும் பொருள் உண்டு. புறநானூற்றில் பொன்முடியார் 'களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே' என்றது நினைவிருக்கும். வள்ளுவரோ வேலை எறிந்ததைப் 'போக்கி' என்கிறார்: 'கைவேல் களிற்றொடு போக்கி வருபவன்'. ஆகவே போக்குநர் என்றும் ஆக்கலாம், ஆனால் போக்குவரத்துத் துறை ஊழியர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓச்சுதலும் உண்டு, கையை உயர்த்தி விசையோடு செலுத்துவது. 'கடிதோச்சி மெல்ல எறிக' என்ற குறளில் ஓச்சுதல், எறிதல் இரண்டும் ஒரே அடியில் வந்துவிடுகின்றன. கவண் எறிந்து தினைப்புனம் காத்தவர்களை வைத்துக் கவணர் என்றும் ஒரு சொல் தோன்றியது, அதைப் பிறகு விரிக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

* * *

புலவர் ஐயாவுக்கு வணக்கம். ஐயா, உங்களை அறியாமலே பேஸ்பாலின் பெரிய ரகசியம் ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள்!

'கடிதோச்சி மெல்ல எறிக.' சேஞ்ச்அப் என்ற பந்து அச்சொட்டாக இதுதான். கை வேகப்பந்துக்குச் சுழல்வதுபோலவே கடுமையாகச் சுழலும், அடிப்பவரும் அந்தக் கையைப் பார்த்து மட்டையை வீசிவிடுவார், பந்தோ ஆறுதலாகப் பின்னால் வந்துகொண்டிருக்கும். பெட்ரோ மார்ட்டினெஸின் வலிமையே இதுதான். சின்ன உடம்பு, பார்த்தால் பயம் வராது. 2000ஆம் ஆண்டில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.74. அதே ஆண்டில் அவர் ஆடிய லீக்கின் சராசரி 4.91. எல்லாருக்கும் மழைபோல ஓட்டம் கொட்டிய காலத்தில் அவர் மட்டும் குடை பிடித்து நின்றிருக்கிறார். டீச்சர், என்னுடைய வாக்கு பெட்ரோவுக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கோ.

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் எறிவது அன்றாடச் சொல், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் ஒரு சங்கடம். கிரிக்கெட்டில் 'எறிகிறார்' என்றால் குற்றச்சாட்டு. 1995 டிசம்பரில் மெல்பேர்ணில் முத்தையா முரளிதரன் எறிகிறார் என்று நடுவர் நோ-பால் கொடுத்துக்கொண்டே இருந்ததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. பின்னாளில் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தார், அது வேறு கதை, ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் இப்போதும் சுருக்கென்று இருக்கும்.

எழுதிக்கொண்டு போகும்போதுதான் தோன்றியது, இதை மாற்றிப் பார்த்தால் என்ன? கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நிமிர்த்தக் கூடாது, அதனால் அது வீச்சு. பேஸ்பாலில் மடக்கித்தான் எறிய வேண்டும், பந்து தரையில் குத்தவும் வேண்டியதில்லை. அங்கே குற்றம், இங்கே தொழில். வீச்சாளர் அவர்களுக்கு, எறி இவர்களுக்கு. இரண்டு ஆட்டத்தையும் பிரிக்க இதைவிட நல்ல கோடு கிடைக்காது.

டொரண்டோ

(எங்கள் டொரண்டோ அணியில் எறிந்த ரோய் ஹாலடே பெயர் பட்டியலில் இல்லையே? டொரண்டோவில் இருந்துகொண்டு இதைக் கேட்காவிட்டால் என்னைத் தெருவில் விடமாட்டார்கள்.)

* * *

எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் இருபது ஆண்டுகளாகக் காசுக்கு மொழிபெயர்க்கிறவன், சென்னையில். பிட்சர் என்றே போடுங்கள். அந்தப் பிள்ளைகள் பிட்சர் என்றுதான் பேசுகிறார்கள், கேட்க வரும் பெற்றோரும் அப்படித்தான். பந்துவீச்சாளர் என்ற சொல் நாளிதழ்களில் நின்றதற்குக் காரணம் தினமும் விளையாட்டுப் பக்கம் வந்தது, இலக்கணம் அல்ல. பேஸ்பாலுக்கு அப்படி ஒரு பக்கம் தமிழில் எங்கே இருக்கிறது? ஆண்டுக்கு ஒரு பட்டிமன்றத்தை வைத்து ஒரு சொல்லை உயிரோடு வைத்திருக்க முடியாது.

'எறிஞர்' வேண்டவே வேண்டாம். ஒரு எழுத்து மாறினால் 'அறிஞர் கோஃபாக்ஸ்' ஆகிவிடுவார், அச்சகத்தில் கண்டிப்பாக மாறும்.

சுத்தத் தமிழ்தான் வேண்டும் என்றால் எறிவாளர். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஈ.ஆர்.ஏ.வுக்கு 'ஈட்டிய ஓட்டச் சராசரி' என்று ஒரு பட்டியலில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். படிப்பவர் அந்த ஓட்டங்களைப் பிட்சர் ஈட்டினார் என்று நினைப்பார். ஈட்டியது எதிரணி, கொடுத்துத் தொலைத்தவர் இவர். எண் குறைந்தால் நல்லது என்பதே தலைகீழாகிவிடும்.

* * *

> சுத்தத் தமிழ்தான் வேண்டும் என்றால் எறிவாளர்

தம்பி, எறிவாளர் என்பதைப் பிரித்துப் பாருங்கள். எறி + வாள் + அர். வினைத்தொகையாகக் கொண்டால் எறிவாள் என்பது எறியும் வாள். ஆட்டக்காரன் கையில் பந்துக்குப் பதில் வாளைக் கொடுத்துவிட்டீர்கள்.

எறியாளர் என்று மாற்றலாமே என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், எறியாள் என்றால் எறிய மாட்டாள். எறிநர் ஆகும், ஆனால் ஓட்டுநரை ஓட்டுனர் என்று எழுதுகிற நாட்டில் எறிநரை எறினர் ஆக்க ஒரு வாரம் போதும். பேருந்தில் தினமும் 'ஓட்டுனருடன் பேசாதீர்' என்று படித்துக்கொண்டுதான் வருகிறேன், பேச வேண்டியது அந்தப் பலகையை எழுதியவரோடு. எறிஞரே நிற்கட்டும். அறிஞர் என்று தவறிப் படித்தாலும் இழிவில்லை.

ஓர் ஐயம். அடிக்காமல் விட்டாலும் 'ஸ்ட்ரைக்' என்கிறார்களாமே, அது ஏன்?

* * *

ஐயா, அந்தக் கேள்விக்கு அமெரிக்கர்களே தலையைச் சொறிவார்கள். கட்டத்துக்குள் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக், அடிக்கப் போய்த் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் வெளியே. கட்டத்துக்கு வெளியே போன பந்தை அடிக்காமல் விட்டால் அதற்குப் பெயர் வெறும் 'பால்'. அப்படி நான்கு போனால் அடிப்பவருக்கு முதல் தளம் இலவசம். 'யானை பிழைத்த வேல்' என்று குறளில் வருமே, குறி தவறியதைப் 'பிழைத்த' என்கிறாரே, அதை எடுத்து இதைப் பிழைபந்து என்று சொன்னால் என்ன? நோலன் ரையன் 5714 பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார், அந்தச் சாதனையை ஒருவரும் நெருங்கவில்லை. ஆனால் 2795 பேரை இலவசமாகத் தளத்துக்கு அனுப்பியவரும் அவர்தான், அதுவும் சாதனை. முயலை எய்கிற ஆள் இல்லை, யானைக்கே எறிந்து பாதி நேரம் பிழைத்தவர். அவரை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று பிள்ளைகளைக் கேளுங்கோ.

எனக்கு உண்மையில் குறை வேறு. 'வரலாற்றில் தலைசிறந்த' என்று போட்டுவிட்டு சாட்செல் பேஜ் இல்லையென்றால் அது என்ன வரலாறு? கறுப்பினத்தவர் என்பதால் 1947 வரை பெரிய லீக்கின் கதவு மூடியிருந்தது. 1948இல் கிளீவ்லாந்து அணியில் சேரும்போது அவருக்கு வயது 42. 1965இல், 59 வயதில், கேன்சஸ் சிட்டிக்காக மூன்று இன்னிங்ஸ் எறிந்து ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. வால்டர் ஜான்சனின் 417 பெரிய எண்தான், ஷட்அவுட் (எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் முடித்த ஆட்டம்) மட்டும் 110, ஆனால் அவர் 1907 முதல் 1927 வரை எறிந்தது பேஜ் போன்றவர்கள் இல்லாத லீக்கில். வென்றது குற்றமில்லை, யாரை எதிர்த்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

* * *

ஆட்டம் தெரிந்த எல்லாரும் எண்ணை நம்புகிறார்கள், மேட்டை மறந்துவிடுகிறார்கள். (சென்னை. ஆமாம், நானும் பார்ப்பேன், விடியற்காலையில்.) 1968இல் பாப் கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12. 304 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, கணக்கில் சேரும் ஓட்டம் 38தான் கொடுத்தார். மற்ற பிட்சர்களும் அந்த ஆண்டு ஆட்டிப்படைத்தார்கள், அடுத்த ஆண்டே எறிமேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். கோஃபாக்ஸ் எறிந்தது அந்த உயர்ந்த மேட்டிலிருந்துதான். 1966இல் 27 வெற்றி, 1.73, அத்தோடு முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில் ஆட்டத்தை விட்டார். உச்சியில் இருக்கும்போது போனவரை யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

என் ஆள் மேடக்ஸ். 355 வெற்றி, 1992 முதல் 95 வரை ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது தொடர்ந்து நான்கு, பெரிய வேகம் கிடையாது. இங்கேதான் எனக்கு 'எறி' உறுத்துகிறது. எறி என்றவுடன் கல், வேல், பலம் என்றுதான் மனம் போகிறது. பட்டிமன்ற மேடையில் எறிவாளர் என்று சொன்ன நொடியே ஜான்சன் அணி பாதி ஜெயித்துவிட்டது. மேடக்ஸ் எறியவில்லை, வைத்தார். இட்டார் என்றுகூடச் சொல்லலாம், கோலம் போடுகிற மாதிரி.

(எறிவாளரை நான்தான் முன்மொழிந்தேன். தெரியும்.)

* * *

இடுநர்?

அல்லது 'மெல்ல எறிக' என்று வள்ளுவரே சொன்னபின் எறிதலில் மென்மை இல்லை என்பது எப்படி?

கும்பகோணம்

* * *

அன்புள்ள எல்லாருக்கும்,

வியாழன் இரவு பதினொன்றரை. எண்ணிப் பார்த்தேன்: எறிவாளருக்கு ஆறு பேர், பிட்சருக்கு நான்கு பேர், எறிஞருக்குப் புலவர் ஐயா ஒருவர். அச்சில் 'எறிவாளர்' போகிறது. வாள் பற்றி எந்தப் பிள்ளையும் கேட்காது என்ற நம்பிக்கையில். ஈ.ஆர்.ஏ.வுக்கு யாரும் முடிவு சொல்லவில்லை, 'ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டம்' என்று நீளமாகவே எழுதிவிட்டேன், பிழையால் போன ஓட்டம் சேராது என்பதைப் பிள்ளைகள் வாயால் சொல்லிக்கொள்வார்கள். பேஜுக்கு ஐந்தாவது அணி சேர்த்தாயிற்று. கணினியில் குடம் வாங்கி வந்த பையன்தான் பேசுகிறான். சேஞ்ச்அப் குறளைப் பெட்ரோ அணிக்குக் கொடுத்தேன், மேடக்ஸ் அணி எங்களுக்கும் வேண்டும் என்று சண்டை.

ஒத்திகையில் எல்லாரும் முதல் வரியில் எறிவாளர் என்றார்கள். இரண்டாவது வரியிலிருந்து பிட்சர்தான்.

* * *

அம்மா, பிள்ளைகளுக்கு வாழ்த்து. எறிவாளர் என்பதற்கு நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். கவணர் பற்றி நாளை எழுதுகிறேன்.