ராத்திரி படுத்ததும் எதுக்களிப்பு: காரம், புளி நிறுத்தியும் அடங்கவில்லை, வேறு என்ன செய்வது?

கட்டிங்மாஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 39, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். நெஞ்செரிச்சல் மூன்று வருடமாக இருக்கிறது. ஆரம்பத்தில் எங்காவது விருந்து சாப்பிட்ட அன்று மட்டும் வந்தது, இப்போது வாரத்தில் நாலைந்து ராத்திரி வருகிறது. படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் ஏறிப் புரையேறி, இருமிக்கொண்டே எழுந்து உட்காருகிறேன். அப்புறம் விடியும்வரை சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம். காலையில் குரல் கம்மிப்போய் வார்த்தை வெளியே வர அரை மணி நேரம் ஆகிறது.

எண்டோஸ்கோப்பி எடுத்தாயிற்று. உணவுக்குழாயின் அடியில் லேசான புண், இரைப்பை வாசலில் இருக்கும் வால்வு தளர்ந்திருக்கிறது, வேறு பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல் 40 மாத்திரையை எட்டு வாரத்துக்கு எழுதினார். சாப்பிட்டவரை நன்றாக இருந்தது. நிறுத்திய நாலாம் நாள் முன்பைவிட மோசமாக வந்துவிட்டது. அதிலிருந்து நானே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது அதுவும் சரியாகக் கேட்பதில்லை.

சாப்பாட்டில் காரத்தை அறவே விட்டுவிட்டேன். புளி இல்லை, தக்காளி இல்லை, ஊறுகாய் இல்லை. வீட்டில் எனக்கென்று தனியாக வெள்ளைக் குழம்பு வைக்கிறார்கள், பிள்ளைகள் மீன் குழம்பு சாப்பிடும்போது நான் தட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் ராத்திரி அதே கதை.

வேலை காலை 8.30க்கு ஆரம்பித்தால் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி 8.30 ஆகும். சரக்கைக் கப்பலில் ஏற்றும் தேதி நெருங்கினால் 11கூட ஆகும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட 10 மணி, 10.30க்குப் பாயில் விழுந்துவிடுவேன். பகலில் ஏழெட்டு டீ, சாயங்கால டீயோடு இரண்டு வடை அல்லது பன். எடை 84 கிலோ, உயரம் 5 அடி 5 அங்குலம். சிகரெட், புகையிலை கிடையாது. ரத்தக் கொதிப்புக்கு ஒரு வருடமாக அம்லோடிபின் சாப்பிடுகிறேன். இன்னும் எதை நிறுத்த வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

தம்பி, இன்னும் எதையும் நிறுத்தாதீர்கள். எனக்கு இது ஒன்பது வருடப் பழக்கம், நீங்கள் போன வழியிலேயே நானும் போய், ஒவ்வொன்றாக விட்டு விட்டுக் கடைசியில் தயிர் சோறு மட்டும் என்று வந்து நின்றேன். ஆள் இளைத்ததுதான் மிச்சம், எரிச்சல் போகவில்லை. ஏனென்றால் அந்தத் தயிர் சோற்றையும் 10 மணிக்குத்தான் சாப்பிட்டேன், வீட்டுக்காரர் கடை அடைத்து வர அவ்வளவு நேரம் ஆகும், அவர் வந்த பிறகுதான் நான் தட்டில் கை வைப்பேன்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த அரை மணி நேரம்தான். 10க்குச் சாப்பாடு, 10.30க்குப் படுக்கை. சாப்பிட்டது இரைப்பையை விட்டு இறங்கவே மணிக்கணக்கு ஆகும். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருந்தால் வால்வு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் கனம் கீழேயே நிற்கும், படுத்தால் குடத்தைச் சாய்த்த மாதிரிதான். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது வேண்டும் என்று எங்கள் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார், நான் தலையாட்டிவிட்டு வந்து ஆறு வருடம் கழித்துத்தான் செய்தேன். அதில் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் ஷிப்டை மாற்ற முடியாது, சரி. ராத்திரிச் சாப்பாட்டையே கம்பெனிக்குக் கொண்டுபோய்விடுங்கள். சாயங்காலம் வடை சாப்பிடும் நேரத்தில் வடைக்குப் பதில் நாலு இட்லியோ மூன்று சப்பாத்தியோ வயிறு நிறையச் சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு டம்ளர் மோரும் ஒரு வாழைப்பழமும் போதும். வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லையே என்று இருக்கும், எனக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சேர்ந்து சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது படுக்கை. நான் முதலில் மூன்று தலையணையை அடுக்கிப் படுத்தேன். அது தவறு, கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறு நசுங்கி இன்னும் அதிகமாகத்தான் ஏறியது. கட்டிலையே சரித்துப் போட வேண்டும். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தோம், ஒரு செங்கல் மூன்று அங்குலம், ஆக ஆறு அங்குலம் ஆயிற்று. கால் வழுக்காமல் இருக்க மேல் கல்லில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டார் வீட்டுக்காரர். முதல் வாரம் காலை எழுந்தால் கட்டிலின் பாதியில் கிடப்பேன், வழுவழு பெட்ஷீட்டை எடுத்துவிட்டுப் பருத்தி ஜமுக்காளம் விரித்த பிறகு சரியாகிவிட்டது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பை கீழேயும் அதன் வாசல் மேலேயும் இருக்கும், வலது பக்கம் திரும்பினால் அப்படியே தலைகீழ்.

மருந்துப்பெட்டி எழுதியது:

22 வருடமாக மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவன். தம்பி, மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் எரிய ஆரம்பித்த பிறகோ, டீ குடித்துவிட்டோ, படுக்கப் போகும்போதோ போடுகிறார்கள். பான்டபிரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு உள்ளே வரும்போதுதான் விழித்துக்கொள்ளும், விழித்திருக்கும் பம்பைத்தான் இந்த மாத்திரையால் அடைக்க முடியும். அதனால் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். மாத்திரைக்கும் பலகாரத்துக்கும் நடுவில் டீ குடித்தால் அந்த டீயையே சாப்பாடு என்று வயிறு எடுத்துக்கொள்ளும். உடைத்தோ கடித்தோ போடக் கூடாது. எரியும்போது மட்டும் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்பதும் சரியில்லை, முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும்.

நிறுத்திய நாலாம் நாள் மோசமாக வந்தது என்றீர்களே, அது நோய் முற்றியதால்தான் என்று நினைக்க வேண்டாம். பல வாரம் அடக்கி வைத்த பம்புகள் தடை நீங்கியதும் வழக்கத்தைவிட அதிகமாக அமிலத்தைக் கொட்டும், சில வாரத்தில் தணியும். அந்த நேரத்தில்தான் பெரும்பாலானவர்கள் பயந்துபோய் மறுபடி ஆரம்பித்து வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டும், அந்த அட்டவணையை உங்கள் டாக்டர் போட்டுத் தரட்டும். உங்களுக்கு எண்டோஸ்கோப்பியில் புண் இருந்தது என்பதால் எவ்வளவு நாள் மருந்து தேவை என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். நீண்ட காலம் சாப்பிட்டால் பி12, மக்னீசியம் குறையலாம், அதையும் கேளுங்கள்.

இன்னொன்று, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குமட்டலுக்குக் கொடுக்கும் டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் என்றால் மாதக்கணக்கில் நீங்களாகச் சாப்பிடக் கூடாத சரக்கு. இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும் என்பதால் 2014இலேயே ஐரோப்பாவில் அதைக் குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் சீட்டு இல்லாமலே கேட்கிறார்கள், கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்துகிற மாதிரியே அந்த வால்வையும் சிலருக்குத் தளர்த்தும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொதிப்பு ஏறினால் அது வேறு வம்பு. மாற்று மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், மாற்றித் தர வழி உண்டு. மேஜையில் குனிந்து வேலை செய்பவர்கள் முதுகு வலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போடுவது வழக்கம், நீங்களும் போடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சோடா வேண்டாம். குடித்ததும் ஏப்பம் வந்து சுகமாக இருக்கும், அந்த ஏப்பத்தோடு அமிலமும் மேலே வருகிறது. நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் நுரைப் பொடிகளில் சோடியம் அதிகம், கொதிப்புக்காரருக்கு தினமும் ஆகாது.

வைகைப்பாலம் எழுதியது:

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். என் அப்பாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சு எரிந்தது. வாய்வு என்று சொல்லி இஞ்சிச் சாறு, அப்புறம் சோடா, அப்புறம் முதுகில் நீவிவிட்டது என்று மூன்று மணி நேரம் போயிற்று. சட்டை முழுக்க வியர்வை, கை துடைத்தால் பிசுபிசுவென்று குளிர்ந்திருந்தது, அதைப் பார்த்தும் எங்களுக்குத் தோன்றவில்லை. விடிந்து ஈசிஜி எடுத்தபோது மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை.

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குவது, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுவது, மாடி ஏறினால் வலி கூடுவது, இதில் எது இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். வாய்வாக இருந்தால் ஒரு ஈசிஜி செலவோடு போகட்டும். அதேபோல விழுங்கும்போது சோறு அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் தார் மாதிரி கருப்பாகப் போவது, ரத்த வாந்தி என்று இருந்தால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளும் கழிக்காதீர்கள்.

அடுப்பங்கரை எழுதியது:

நான் கேட்டரிங் வேலை செய்கிறேன், எனக்கும் இந்தத் தொந்தரவு உண்டு. நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் அல்சர் என்று ஒரே பெயர் வைத்து, உடனே மிளகாயை ஒளித்து வைத்துவிடுவார்கள். அல்சருக்கே மிளகாய் காரணமில்லை என்று ஆகி எவ்வளவோ காலம் ஆயிற்று. பெரும்பாலான அல்சருக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்து, அதற்கு 2005இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார்கள். மிச்ச அல்சரில் பெரும்பகுதி வலி மாத்திரையால் வருகிறது. உங்களுடையது இரைப்பை அல்சரும் இல்லை, வாசல் தளர்ந்ததால் வரும் எதுக்களிப்பு. அதில் காரமும் புளியும் ஏற்கெனவே இருக்கும் புண்ணில் பட்டு எரியச் செய்யும். வாசலைத் தளர்த்தி, இரைப்பையைக் காலியாக விடாமல் பிடித்து வைப்பது எண்ணெயும் கொழுப்பும். மிளகாயை விட்டுவிட்டு வடையைத் தொடர்ந்து சாப்பிடுகிறீர்களே, அதைத்தான் முதலில் விட வேண்டும். பரோட்டா சால்னா, தேங்காய்ப்பால் குருமா, பொரித்த மீன், ராத்திரி பிரியாணி எல்லாம் அதே கூட்டம். அந்த வெள்ளைக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுகிறார்களா என்று வீட்டில் கேளுங்கள், பெரும்பாலும் ஊற்றுவார்கள்.

ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும் என்பதால் ஒரு நோட்டு போடுங்கள். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, படுத்த நேரம், எரிந்ததா இல்லையா, இவ்வளவு எழுதினால் போதும். எனக்குப் பச்சை வெங்காயமும் புதினாத் துவையலும் ஆகாது என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது, ரசம் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. புதினா வயிற்றுக்கு நல்லது என்று தினமும் அரைத்தவள் நான். ஏழெட்டு டீயை மூன்றாக்குங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். ராத்திரி எரிந்தால் பால் குடிப்பதும் அப்போதைக்குக் குளிரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கும். இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்துங்கள். உயரத்துக்கு எடை அதிகம், தொப்பை அமுக்குவதும் ஒரு காரணம், ஐந்தாறு கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

கட்டிங்மாஸ்டர் எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஆர்டர் நெருக்கடி. காவிரிக்கரை அக்கா, மருந்துப்பெட்டி அண்ணா, எல்லோருக்கும் நன்றி.

ராத்திரிச் சாப்பாட்டு டப்பா இப்போது என்னோடு கம்பெனிக்கு வருகிறது. 6.30 டீ நேரத்தில் சாப்பிட்டுவிடுகிறேன். முதல் பத்து நாள் வீட்டுக்கு வந்ததும் அகோரப் பசி எடுத்தது, மோரைக் குடித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன், இப்போது பழகிவிட்டது. மாத்திரையை டீயோடுதான் போட்டுக்கொண்டிருந்தேன் அண்ணா, ஒன்றரை வருடமும். டாம்பெரிடோன் சேர்ந்ததுதான், விட்டுவிட்டேன். டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொதிப்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்து, வெறும் பான்டபிரசோலை இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார், குறைப்பது அதற்கப்புறம்தானாம்.

எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது, பாய்தான், செங்கல் வைக்க வழியில்லை. அதனால் சரிவு மெத்தை ஒன்று நானே தைத்தேன். முதலில் கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்துப் பார்த்தேன், மூன்றே நாளில் அமுங்கி நடுவில் பள்ளம் விழுந்தது. அப்புறம் சோபா கடையில் கெட்டியான ஃபோம் வாங்கி, தலைப்பக்கம் எட்டு அங்குலம், இடுப்புப் பக்கம் பூஜ்யம், நீளம் மூன்று அடி என்று பேட்டர்ன் போட்டு வெட்டி, மேலே காட்டன் பனியன் துணியில் உறை தைத்தேன். இடுப்பிலிருந்தே ஏறுவதால் வயிறு மடிவதில்லை. நோட்டுப்படி போன இரண்டு வாரத்தில் எரிந்தது இரண்டு ராத்திரி, இரண்டுமே வேலை 11 வரை இழுத்து வெளியில் சாப்பிட்ட நாள். எடை 81. போன ஞாயிறு மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை.

அக்கா, ஒரு சந்தேகம். தூக்கத்தில் தானாக வலது பக்கம் புரண்டுவிடுகிறேன், அதற்கு நீங்கள் ஏதாவது செய்தீர்களா?

காவிரிக்கரை எழுதியது:

முதுகுப் பக்கம் ஒரு நீளத் தலையணையை அண்டக் கொடுத்துப் படுங்கள் தம்பி. நான் பழைய சேலையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன், புரளப் போனால் இடிக்கும், தூக்கம் கலையாமலே திரும்பிக்கொள்வேன். பனியன் துணி மிச்சம் இருந்தால் அதையே உருட்டித் தைத்துக்கொள்ளுங்கள்.